கிராமத்து வேலைக்குப் போகலாமா? நர்சிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறுதியாண்டு நர்சிங் மாணவர்களிடம் எங்கே வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டால், கிராமம் என்று சொல்பவர்கள் சிலரே. இத்தனைக்கும் அந்த வகுப்பில் பலருக்குச் சொந்த ஊர் கிராமம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் 51.6 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நள்ளிரவில் பிரசவ வலி வந்தாலும், வயலில் பாம்பு கடித்தாலும், முதலில் எழுந்து வந்து பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு செவிலியர். அதனால் இந்தத் தயக்கத்தை ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்’ என்று தள்ளிவிட முடியாது. மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறோம்.

கிராமப்புறப் பணி என்றால் சரியாக எந்தெந்த வேலைகள்?

நான்கைந்து வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒவ்வொன்றின் பாடும் வேறு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதாவது பி.எச்.சி.யில், ஸ்டாஃப் நர்ஸ் வேலை முதலாவது. சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப் பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு பி.எச்.சி. என்பது கணக்கு. லேபர் ரூம், உள்நோயாளி வார்டு, ஊசி, டிரெஸ்ஸிங், அவசர சிகிச்சை எல்லாம் இவர் கையில் இருக்கும்.

கிராம சுகாதார செவிலியர், அதாவது வி.எச்.என்., துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர். 5,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் இப்படி 8,700க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இந்தப் பணிக்குத் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) படிப்பு வேண்டும். பதவி உயர்வில் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேலே போகலாம்.

பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே இன்னொரு வேலை திறந்திருக்கிறது: இடைநிலை சுகாதாரப் பணியாளர். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இல் வந்தபின் உருவான பணி இது. 2021 இறுதியில் தமிழ்நாட்டில் 4,848 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய்ப் பரிசோதனை, மருந்து வழங்கல், தொலைவழி மருத்துவ ஆலோசனை ஆகியவைதான் இதில் பெரும்பகுதி.

இவை தவிர, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் இருக்கிறார்கள். மிஷன் மருத்துவமனைகள், தொண்டு அமைப்புகள், 108 ஆம்புலன்ஸ் என்று வேறு வழிகளும் உண்டு.

மாணவர்களுக்குக் கிராமம் என்றாலே பிடிக்கவில்லையா?

அப்படிச் சொல்வது அவசர முடிவு. ‘கிராமத்தில் வேலை பார்ப்பீர்களா?’ என்று மொட்டையாகக் கேட்டால் தயங்குகிறவர்களிடம் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். நிரந்தரப் பணி, பூட்டுப் போடக்கூடிய குவார்ட்டர்ஸ், இரவில் துணைக்கு ஓர் ஆள், மூன்றாண்டில் இடமாற்றத்துக்கு உறுதி என்று சேர்த்துக் கேட்டால் பதில் மாறிவிடும். மறுப்பு ஊருக்கு அல்ல, அங்கே காத்திருக்கும் நிலைமைக்கு.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யா, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் நர்சிங் முடிக்கும் நிலையில் இருந்தவர்களிடம், வெவ்வேறு சலுகைகளோடு கற்பனையான கிராம வேலைகளையும் நகர வேலைகளையும் முன்வைத்து எதைத் தேர்வீர்கள் என்று கேட்ட ஆய்வு 2010இல் வெளியானது. கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மேற்படிப்பு வாய்ப்பும் கிராமப் படியும் அதிகம் இழுத்தன. தாய்லாந்தில் மருத்துவக் காப்பீடு முன்னால் நின்றது. எல்லா நாட்டுக்கும் ஒரே மருந்து இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த, கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்கான வழிகாட்டுதலில் 17 பரிந்துரைகள் உள்ளன. படிப்பு, விதிமுறை, ஊக்கத்தொகை, ஆதரவு என நான்கு பக்கமும் சேர்த்துச் செய்யச் சொல்கிறது அது. பணத்தை மட்டும் கூட்டிவிட்டு மற்ற மூன்றையும் விட்டால், வந்தவர் ஒரு வருடத்தில் மாறுதல் மனுவோடு நிற்பார்.

கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான் கிராமத்துக்குப் போவார்களா?

வாய்ப்பு அவர்களிடம் கூடுதல். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது. கிராமத்துப் பின்னணி உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் முக்கியமான ஒன்று.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களில் தொடங்கிய பழங்குடி நல மருத்துவமனை, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தியது. நீலகிரி கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் அப்படித்தான் வளர்ந்தது. வெளியிலிருந்து வரும் செவிலியர் நிலைக்காத இடத்தில் உள்ளூர்ப் பெண் நிலைத்தார். அவருக்குப் பேச்சும் வழியும் தெரியும், வீடும் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘சொந்த ஊர் கிராமம்’ என்பதும் ‘கிராமத்தில் வளர்ந்தவர்’ என்பதும் ஒன்றல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து நகரத்து விடுதியில் படித்தவருக்குச் சொந்த ஊர் விடுமுறைக்குப் போகும் இடம் மட்டுமே. அதோடு, கஷ்டப்பட்டு ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ‘திரும்ப இங்கேயே வரவா படிக்க வைத்தோம்?’ என்ற கேள்வி எழும். அந்த வலி நியாயமானது. அதைச் சேவை மனப்பான்மை என்ற ஒற்றைச் சொல்லால் மூடக் கூடாது.

படிப்பின் பகுதியாக ரூரல் போஸ்டிங் (கிராமக் களப்பயிற்சி) போன பிறகு இருந்த ஆசையும் போய்விட்டது. ஏன் இப்படி ஆகிறது?

பெரும்பாலான இடங்களில் போஸ்டிங் நடக்கும் முறைதான் காரணம். காலை 8 மணிக்குக் கல்லூரிப் பேருந்து, 9:30க்கு ஊர், நாற்பது பேர் ஒரே தெருவில் இறங்கி ஒரே வீட்டுக் கதவை மாறி மாறித் தட்டுவது, ரெக்கார்டு நோட்டுக்காகக் குடும்ப விவரம் எழுதுவது, கை கழுவுதல் பற்றி சார்ட் காட்டுவது, 3 மணிக்குத் திரும்புவது. ஊர்க்காரர்களுக்குச் சலிப்பு, மாணவிகளுக்கு வெயில். போன வருடம் எழுதிய அதே சர்வேயை இந்த வருடமும் கேட்டால் யார்தான் உட்கார்ந்து பதில் சொல்வார்கள்? கழிப்பறை கிடையாது என்பதால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டும் மாணவிகளும் உண்டு.

இதில் மாணவி பார்க்காமலே போவது ஒன்று இருக்கிறது: கிராமத்தில் செவிலியர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது. இரவு பிரசவம், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல், ஒரு கர்ப்பிணியை மூன்றாம் மாதத்திலிருந்து குழந்தை பிறக்கும் வரை தொடர்வது, தடுப்பூசி நாளின் ஓட்டம் எதையும் காணாமல், கிராமப் பணி என்றால் வீடு வீடாகப் போய் எழுதும் வேலை என்ற முடிவோடு திரும்பிவிடுகிறார்.

அப்படியானால் போஸ்டிங்கை எப்படி அமைக்க வேண்டும்?

இது ஆசிரியர்களுக்கான பதில். கொஞ்சம் நீளமானது, ஏனென்றால் ஒரு கல்லூரி தானே முடிவெடுத்து மாற்றக்கூடியது இது ஒன்றுதான்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சமுதாய நல நர்சிங் ஐந்தாம், ஏழாம் பருவங்களில் வருகிறது. எட்டாம் பருவ இன்டர்ன்ஷிப்பிலும் அதற்கு வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நேரம் இருக்கிறது. அதைப் பிரிப்பதில்தான் கோளாறு.

குழுவை 4 முதல் 6 பேருக்குச் சுருக்குங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வி.எச்.என். உடன் போகட்டும். ஒரே தெருவில் எல்லாரையும் இறக்காமல், ஒரு பி.எச்.சி.யின் கீழ் உள்ள ஐந்தாறு துணை நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். இதற்கு மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுத்து அனுமதியும், வட்டார மருத்துவ அலுவலரோடு ஒரு நேர்ப் பேச்சும் வேண்டும். கடிதம் மட்டும் அனுப்பிவிட்டுப் போய் நின்றால், மாணவிகளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் அவர்களும் தவிப்பார்கள்.

ஒவ்வொரு மாணவிக்கும் ஐந்து குடும்பம் போதும்: ஒரு கர்ப்பிணி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று, சர்க்கரை அல்லது ரத்த அழுத்த நோயாளி ஒருவர், படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர், காசநோய் மருந்து எடுப்பவர் ஒருவர். ஐந்தாம் பருவத்தில் பார்த்த அதே குடும்பங்களை ஏழாம் பருவத்திலும் கொடுங்கள். போன தடவை வயிற்றில் இருந்த குழந்தை இப்போது நடக்கும். அந்தத் தொடர்ச்சிதான் மாணவியின் மனத்தை மாற்றும், ஆயிரம் வகுப்பு எடுத்தாலும் அது வராது.

புதன்கிழமைத் தடுப்பூசி நாள் ஒன்று, கர்ப்பிணிகள் பரிசோதனை நாள் ஒன்று, பி.எச்.சி. லேபர் ரூமில் குறைந்தது இரண்டு இரவுகள் என்று கட்டாயமாக்குங்கள். இரவு தங்க வைப்பதென்றால் தங்கும் அறை, கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு, ஓர் ஆசிரியர் ஆகிய ஐந்தும் முதல் நாளே உறுதியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இரவுத் தங்கலைத் தள்ளிப்போடுங்கள். முதல் அனுபவத்தில் பயந்துபோன மாணவியைத் திரும்பக் கிராமத்துக்கு வரவைப்பது மிகக் கடினம்.

பி.எச்.சி.யில் இரவு டியூட்டியில் தனியாக இருக்க வேண்டுமா?

பல இடங்களில் ஆம். இந்தக் கேள்விதான் தயக்கத்தின் மையம், ஆகவே கணக்கைப் போட்டே பார்ப்போம்.

24 மணி நேர பி.எச்.சி.க்கு மூன்று நர்ஸ்கள் என்ற முறை, 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் காலத்தில் தமிழ்நாட்டில் பரவியது. பிரசவங்களை மருத்துவமனைக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன.

ஆனால் நாளுக்கு 3 ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். மூன்று பேரும் வாரம் ஒருநாள் ஓய்வோடு ஆளுக்கு 6 ஷிப்ட் பார்த்தால் 18. மூன்று ஷிப்டுக்கு ஆளே இல்லை. ஒருவர் விடுப்பில் போனால் 12 ஷிப்டுக்குத்தான் ஆள் தேறும், ஒன்பது ஷிப்ட் அந்தரத்தில் நிற்கும். இதனால்தான் 24 மணி நேர டியூட்டி, தொடர் நைட், குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிட்டால் ஓடி வருவது எல்லாம் வழக்கமாகின்றன. நான்கு பேர் இருந்தால் 24 ஷிப்ட் கிடைக்கும், மூச்சு விடலாம். ஐந்து பேர் இருந்தால் ஒருவர் பேறுகால விடுப்பில் போனாலும் பட்டியல் குலையாது. ஒரு நிலையத்தில் சேரும் முன் ‘எத்தனை பணியிடம்?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘இன்றைக்கு ரோஸ்டரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்றும் கேளுங்கள். இரண்டு எண்ணும் பல நேரம் வேறாக இருக்கும்.

இரவில் துணைக்கு மருத்துவமனைப் பணியாளரோ காவலரோ இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. இருவர் இருந்தால் ஒருவர் 108க்குப் பேசும்போது மற்றவர் தாயின் பக்கத்தில் நிற்கலாம். தனி ஆளாக இருந்தால் இரண்டில் ஒன்று நின்றுபோகும்.

தனியாகச் சமாளிக்க என்னென்ன கைப்பழக்கம் வேண்டும்?

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பக்கத்தில் ஆள் இருப்பதால் தெரியாமலே ஓட்டிவிடக்கூடிய சில வேலைகள், கிராமத்தில் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். படிக்கும்போதே இவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரசவம்: கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் பார்ட்டோகிராஃப், அதாவது பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் வரைபடம், தொடங்குவது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், இன்னொரு குழந்தை உள்ளே இல்லை என்று உறுதி செய்தபின், ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவது. தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டுவது. பார்ட்டோகிராஃபைப் பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி நிரப்பிய தாள் யாரையும் காப்பாற்றாது. எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியதும், செயல் கோட்டைத் தொடும் முன்பே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முதல் கோடே வரையப்பட்டிருக்கிறது.

ரத்த அழுத்தத்தால் கர்ப்பிணிக்கு வரும் வலிப்பு: மெக்னீசியம் சல்பேட் 50% கரைசல், 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். ரெஃபர் செய்யும் முன் முதல் டோஸ் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், மொத்தம் 10 கிராம், அதாவது 10 ஆம்பூல். டிரேயில் நான்கு ஆம்பூல் மட்டும் கிடந்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். டியூட்டி ஏற்கும்போதே எண்ணிவிடுங்கள்.

குழந்தை அழவில்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 வீதம் மூச்சு கொடுக்க வேண்டும். இதில் தவறுவது பெரும்பாலும் மாஸ்க் முகத்தில் சரியாகப் பதியாததால்தான். மார்பு உயர்கிறதா என்று பார்க்காமல் பையை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார்கள். பொம்மையில் வாரம் ஒருமுறை செய்து பார்ப்பவருக்கு இந்தத் தவறு வராது.

பாம்புக்கடி: காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ரத்தம் உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலும் உறையாமல் போய்த் தவறான முடிவு வரும். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமைக்கு அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும்.

தடுப்பூசிக் குளிர்பெட்டி: +2 முதல் +8 டிகிரி, காலையும் மாலையும் பதிவு. கலக்கிய பி.சி.ஜி., எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) மருந்தை 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இவற்றில் சில செய்யத் தெரியவில்லை என்றால் கிராமப் பணியே வேண்டாமா என்று கேட்டால், அப்படி இல்லை. சேர்ந்த முதல் மாதத்தில் மாவட்ட மருத்துவமனையின் சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை) மையத்தில் இரண்டு வாரம் பயிற்சி கேட்டு வாங்குங்கள். கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. பலரும் கேட்பதில்லை.

கிராமத்துக்குப் போனால் கற்றது மறந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. வென்டிலேட்டர், மத்திய ரத்தக்குழாய்ப் பராமரிப்பு, அறுவை அரங்கு வேலை இவை கையை விட்டுப் போகும். பிரசவம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, தொற்றா நோய்களைத் தொடர்ந்து கவனிப்பது, முடிவெடுக்கும் துணிவு ஆகியவை பெரிய மருத்துவமனையில் இருப்பவரைவிடக் கூடுதலாக வளரும். தீவிர சிகிச்சை நர்ஸ் ஆக வேண்டும் என்று தீர்மானமாக இருப்பவர் பி.எச்.சி.யில் பத்தாண்டு இருப்பது பொருந்தாது. மகப்பேறு, சமுதாய நலம், ஆசிரியர் பணி என்று யோசிப்பவருக்கு இது நல்ல அடித்தளம். மகப்பேறு செவிலியர்களுக்கான 18 மாத நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு நாட்டில் வந்திருக்கிறது. பிரசவம் பார்த்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

சம்பளம்? ஒப்பந்தப் பணி நிரந்தரமாகுமா?

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைந்தது. அதன்வழி எடுக்கப்பட்ட செவிலியர்கள் பலர் முதலில் தொகுப்பூதியத்தில் பி.எச்.சி.களுக்குப் போனார்கள். காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாற்றுவோம் என்பது ஏற்பாடு. அந்தக் காத்திருப்பு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது, அதற்காகத் தெருவில் போராடியும் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. நிரந்தர நர்ஸ் செய்யும் அதே வேலையை அதே இரவில் செய்பவருக்கு, அதில் ஒரு பங்கு ஊதியம் கொடுத்துவிட்டுக் கிராமப் பணிக்கு ஏன் ஆர்வம் இல்லை என்று கேட்க முடியாது.

சேரும் முன் ஆணையில் பார்க்க வேண்டியவை: பணி தேசிய சுகாதார இயக்கத்தின் கீழா, மாவட்ட நலச் சங்கத்தின் கீழா, தேர்வு வாரியம் வழியா, ஒப்பந்தம் 11 மாதமா, அதற்கு மேலா, வைப்புநிதி பிடிக்கிறார்களா, பேறுகால விடுப்பு ஊதியத்தோடு உண்டா, நிரந்தரமாக்க உரிமை கோர முடியாது என்ற வரி இருக்கிறதா. கடைசி வரி பெரும்பாலும் இருக்கும். படித்துத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

தனியார் மருத்துவமனையோடு ஒப்பிடும்போது கையில் மிஞ்சுவதைக் கணக்குப் பாருங்கள். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016லேயே பரிந்துரைத்தது. நடைமுறை அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது வேலை தேடியவர்களுக்குத் தெரியும். நகரத்தில் விடுதி, சாப்பாடு, போக்குவரத்து போக என்ன நிற்கும், சொந்த வட்டாரத்தில் வீட்டிலிருந்தே போய்வந்தால் என்ன நிற்கும் என்று இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள்.

வீட்டில் ‘பெண் பிள்ளை, தனியாக அந்த ஊரில் எப்படி?’ என்கிறார்கள். என்ன சொல்வது?

வாதம் செய்வதைவிட ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுவது நல்லது. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் போங்கள். இவற்றைப் பாருங்கள்: குவார்ட்டர்ஸ் கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, குடியிருப்புக்கும் லேபர் ரூமுக்கும் இடையில் விளக்கு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, செல்போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது, ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடுகிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, சீமாங் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், 108 வண்டி வழக்கமாக எவ்வளவு நேரத்தில் வருகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் நர்ஸ் அக்காவோடு மருத்துவ அலுவலர் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். வேறு யார் சொல்வதைவிடவும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பணியிடத்தில் பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி உள்புகார்க் குழுவிடம் போகலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமென்றால் மாவட்ட அளவிலான குழு உண்டு. உதவி எண் 181.

திருமணம் பற்றிய கவலையும் இதே கேள்விக்குள் இருக்கிறது. கணவர் வேலை பார்க்கும் மாவட்டத்துக்கு மாறுதல் கிடைக்குமா என்பது நிரந்தரப் பணியில் கவுன்சிலிங்கில் கேட்கக்கூடியது. மாவட்ட நலச் சங்க ஒப்பந்தத்தில் அது எளிதல்ல, பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இதை முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

வெளிநாடு போக நினைக்கிறேன். நடுவில் கிராமப் பணி உதவுமா?

வளைகுடா வேலைகளுக்கு வழக்கமாக இரண்டாண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள். எத்தனை படுக்கை கொண்ட மருத்துவமனை என்பதையும் பார்ப்பார்கள். துணை சுகாதார நிலைய அனுபவம் அங்கே செல்லுபடியாகாமல் போகலாம். அதனால் இரண்டாண்டில் வெளிநாடு என்று உறுதியாக இருப்பவர் வட்ட, மாவட்ட மருத்துவமனை அல்லது பெரிய மிஷன் மருத்துவமனையைத் தேர்வது சரி. அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளில் தகுதி விவரம் தெளிவாக இருக்கும். எந்த நாடானாலும் பணி அனுபவச் சான்றில் பிரிவு, படுக்கை எண்ணிக்கை, நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வாங்கிவிடுங்கள்.

ஆண் மாணவர்களுக்கு இடம் உண்டா?

வி.எச்.என். பெண்களுக்கான பணி. இடைநிலை சுகாதாரப் பணியாளர், 108 மருத்துவ உதவியாளர், நோய் ஆதரவுச் சிகிச்சை ஆகியவற்றில் வாய்ப்பைத் தேடலாம். கட்டிலில் கிடக்கும் ஆண் நோயாளிகளுக்கு ஊரில் ஓர் ஆண் செவிலியர் கிடைப்பது பெரிய ஆறுதல்.

படிப்பு முடிந்ததும் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பினால் என்ன?

எல்லா நர்சிங் மாணவருக்குமான கட்டாயக் கிராமப் பணி தமிழ்நாட்டில் இல்லை. முன்கூட்டியே பேசி, உதவியோடு இணைத்த கடப்பாடு வேறு. வேலூர் சி.எம்.சி.யில் மிஷன் அமைப்புகளின் ஆதரவில் சேரும் மாணவர்கள் படிப்புக்குப் பின் தேவையுள்ள மருத்துவமனைகளில் பணிபுரியும் ஏற்பாடு நீண்டகாலமாக நடக்கிறது. அங்கே மாணவர் சேரும்போதே எங்கே போகப் போகிறோம் என்று அறிந்தே சேர்கிறார். எதுவும் கொடுக்காமல் கட்டாயம் மட்டும் போட்டால், நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர்தான் ஊருக்குக் கிடைப்பார். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எந்த பாண்டுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். எங்கே தவறு நடக்கும்?

முதல் தவறு கேள்வியில். ‘கிராமத்தில் பணிபுரிய விருப்பமா? ஆம் / இல்லை’ என்று கேட்டால், ஆசிரியர் முன்னால் இருக்கும் மாணவி ஆம் என்பார். நல்ல பெயர் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. தாளில் பெயரும் பதிவெண்ணும் வேண்டாம், வகுப்பாசிரியர் அறையில் இருக்க வேண்டாம், மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கிராமம் எது என்று சொல்லாமல் கேட்பது. திருச்சியிலிருந்து 12 கி.மீ. தள்ளி இருக்கும் ஊரும் ஜவ்வாது மலையின் உச்சியில் இருக்கும் ஊரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். தூரத்தையும் பேருந்து வசதியையும் வரையறுங்கள். காலத்தையும் சொல்லுங்கள்: முதல் இரண்டாண்டுக்கா, ஐந்தாண்டுக்கா, நிரந்தரமாகவா? அரசு நிரந்தரப் பணி என்றால், ஒப்பந்தம் என்றால், தனியார் என்றால் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் அரசு வேலை மீதான ஆசையைக் கிராமத்து மீதான விருப்பம் என்று எழுதிவிடுவீர்கள்.

பின்னணியைக் கேட்கும்போது 15 வயது வரை வாழ்ந்த இடம், பள்ளி இருந்த இடம், பயிற்று மொழி, கடன் வாங்கிப் படிக்கிறாரா, முதல் பட்டதாரியா என்பவை வேண்டும். கல்விக் கடனை யாரும் கேட்பதில்லை. மாதத் தவணை கட்ட வேண்டியவர் எங்கே போகிறார் என்பதைப் பல நேரம் அந்தத் தவணைதான் முடிவு செய்கிறது.

மாதிரி அளவு: விருப்ப விகிதம் தெரியாதபோது 50% என்று வைத்து, 95% நம்பகம், 5% பிழை வரம்பு என்றால் 384 பேர். கல்லூரிகளில் மொத்தமே 400 பேர் இருந்தால் திருத்தம் போட்டபின் 196 பேர் போதும். பதில் தராதவர்களுக்காக 10% கூட்டிக்கொள்ளுங்கள். 20, 30 பேரிடம் முன்சோதனை செய்து, புரியாத கேள்வியைத் தமிழில் திருத்துங்கள். கை-வர்க்க (chi-square) சோதனையில் எதிர்பார்ப்பு எண் 5க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள். ஒரே கல்லூரியில் எடுத்த முடிவைத் ‘தமிழக மாணவர்கள்’ என்று தலைப்பில் விரிக்காதீர்கள்.

முக்கியமாக, விருப்பம் சொல்வது வேறு, உண்மையில் போவது வேறு. முடிந்தால் ஒப்புதலோடு தொடர்பு எண்ணைத் தனித்தாளில் வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதியில் இதையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். இந்த இரண்டாம் கட்டம் இருக்கும் ஆய்வுகள் மிகக் குறைவு, அதனால்தான் மதிப்பும் அதற்கு அதிகம்.

சேர்ந்துவிட்டேன். முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

பி.எச்.சி. எல்லையிலுள்ள எல்லா வி.எச்.என். எண்களையும் வாங்குங்கள். அடுத்த எட்டு வாரத்தில் பிரசவ நாள் வரும் கர்ப்பிணிகளின் பட்டியலைப் பிக்மி என்ற கர்ப்பிணிகள் இணையப் பதிவிலிருந்து எடுத்து, முந்தைய சிசேரியன், ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களைத் தனியே குறியுங்கள். மலைப் பகுதியென்றால் பிரசவக் காத்திருப்பு அறைக்கு யார் யார் முன்கூட்டியே வர வேண்டும் என்று வி.எச்.என். உடன் பேசி முடிவு செய்யுங்கள். அவசர டிரேயை மருந்தின் காலாவதி நாளோடு எண்ணி, கதவுக்குப் பின்னால் பட்டியல் ஒட்டுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள், பல இடங்களில் தேவைப்படும் நேரத்தில் காணாமல் போவது அதுதான். சீமாங் மையத்தின் லேபர் ரூம் எண்ணை உங்கள் போனிலும் சுவரிலும் எழுதி வையுங்கள்.